அறுத்த ஆடும் அறுக்காத ஆடும்

கேள்வி இதுதான். அஞ்செட்டிப் பக்கம் ஒரு வீட்டில் 14 வெள்ளாடுகள், காட்டோரம் மேய்ச்சல். நாலு நாளைக்குள் மூன்று ஆடு திடீர் திடீரென்று செத்துவிட்டன. முதல் ஆடு காலையில் பட்டிக்குள் செத்துக் கிடந்தது, புதைத்துவிட்டார்கள். இரண்டாவது ஆடு சாயந்தரம் விழுந்து துடித்தபோது, உயிர் போவதற்குள் அறுத்து ஆறு வீட்டுக்குக் கூறு போட்டுவிட்டார்கள். மூன்றாவது செத்த பிறகுதான் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டார்கள். அவர் காதிலிருந்து இரத்தம் எடுத்துப் பார்த்து அடைப்பான், அதாவது ஆந்த்ராக்ஸ் என்றார். அறுத்த மாமாவுக்கு இப்போது மணிக்கட்டில் ஒரு கொப்புளம். மீதி ஆட்டை எங்கே மேய்ப்பது, கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கலாமா, பட்டி எருவைக் கொல்லைக்குப் போடலாமா, இந்தக் கிருமி மண்ணில் எத்தனை நாளைக்கு இருக்கும் என்று தம்பி கேட்டிருக்கிறார்.

கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004-ல். அதற்கு முன்பிருந்தே இந்தப் பக்கம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடைப்பானை நேரில் பார்த்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் மாமாவை இன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். அங்கே போய்க் "கையில் கொப்புளம்" என்று மட்டும் சொன்னால் சாதாரணக் கட்டி என்று களிம்பு கொடுத்து அனுப்பிவிடக்கூடும். இந்தப் புண்ணைப் பாடப் புத்தகத்தில் மட்டுமே பார்த்த டாக்டர்கள்தான் இன்றைக்கு அதிகம். "அடைப்பான் வந்த ஆட்டை அறுத்தார், அறுத்து இத்தனை நாள் ஆகிறது, கால்நடை மருத்துவர் உறுதி செய்திருக்கிறார்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். அது போதும், பிறகு அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

இந்தப் புண் ஆளை ஏமாற்றும். முதலில் பூச்சிக்கடி போல ஒரு தடிப்பு, அரிப்பு. ஓரிரு நாளில் நீர் கோத்துக் கொப்புளமாகும். அது உடைந்து நடுவில் கரிக்கட்டை போல ஒரு பொருக்கு உட்காரும். சுற்றிலும் கை புஸ்ஸென்று வீங்கும். கிரேக்க மொழியில் கரியைக் குறிக்கிற சொல்தான் ஆந்த்ராக்ஸ் என்று இந்த நோய்க்குப் பெயரானது. இவ்வளவு கோரமாக இருந்தும் வலி பெரிதாக இருக்காது. "வலிக்கவே இல்லையே, தானாக ஆறிவிடும்" என்று நம்மவர்கள் மஞ்சள் அரைத்துப் பூசிக்கொண்டு உட்காருவது அதனால்தான். மருந்து கொடுக்காமல் விட்டால் ஐந்தில் ஒருவர் வரை சாகலாம். காலத்தில் கொடுத்தால் நூற்றுக்கு ஒருவர் கூடச் சாவதில்லை. மருந்தும் அபூர்வமானது இல்லை. பெனிசிலின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃப்ளாக்சசின் என்று எங்கும் கிடைப்பவைதான். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

ஒன்றை மாமாவிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். மருந்து தொடங்கிய பிறகும் புண் கறுக்கத்தான் செய்யும். கிருமி செத்திருக்கும், ஆனால் அது ஏற்கெனவே கக்கிவிட்ட நஞ்சு தன் வேலையை முடித்துவிட்டுத்தான் ஓயும். "மாத்திரை கேட்கவில்லை" என்று பாதியில் நிறுத்திவிட வேண்டாம். கொப்புளத்தைப் பிதுக்கவோ கீறவோ கூடாது. இருமலில் தும்மலில் இன்னொருவருக்குத் தொற்றுகிற நோய் இல்லை இது, அதனால் அவரைத் தனியாகத் திண்ணையில் படுக்கவைக்க வேண்டியதில்லை. புண்ணைத் துணியால் மூடி, அந்தத் துணியை எரித்துவிட்டால் போதும்.

கறி வாங்கிய ஆறு வீட்டுக்கும் தகவல் சொல்ல வேண்டும். கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் சொல்லியாக வேண்டும். மிச்சம் ஃப்ரிட்ஜில் இருந்தால், உப்புக்கண்டம் போட்டிருந்தால் தொடவே கூடாது. நாய்க்கும் போடக் கூடாது, குப்பையிலும் கொட்டக் கூடாது. கால்நடைத் துறையினர் வந்து எரிக்கும்போது அதோடு சேர்த்து எரிக்க வேண்டும். நன்றாக வேகவைத்த கறியைத் தின்றவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். ஆனால் "வெந்தால் சரியாகிவிடும்" என்று அடித்துச் சொல்ல முடியாது, ஏன் என்று கீழே சொல்கிறேன். பச்சைக் கறியைக் கழுவியவர்கள், நறுக்கியவர்கள், குடல் சுத்தம் செய்தவர்கள் எல்லோரும் மாமாவோடு சேர்ந்தே போய் டாக்டரைப் பார்க்கட்டும். அடுத்த ஒரு வாரத்தில் யாருக்காவது காய்ச்சலோடு வயிற்று வலி, வாந்தி, இரத்தம் கலந்த பேதி, அல்லது தொண்டையும் கழுத்தும் வீங்குவது என்று வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. தோலில் வருவதைவிடக் குடலில் வருவது பல மடங்கு ஆபத்து.

சரி, இப்போது ஆட்டுக்கு வருவோம்.

அடைப்பானில் ஓர் ஆடு சாகும் நேரத்தில் அதன் ஒரு மில்லி இரத்தத்தில் 10 கோடி பாக்டீரியா வரை இருக்கும், சில சமயம் அதற்கு மேலும். நீங்கள் அறுத்தது அந்த நேரத்தில்தான். "செத்த பிறகா அறுத்தோம், உயிரோடுதானே அறுத்தோம்" என்று எழுதியிருந்தீர்கள். நம் ஊரில் இது பெரிய வித்தியாசம், எனக்குத் தெரியும். கிருமிக்கு அப்படி ஒரு வித்தியாசமும் கிடையாது.

ஆனால் உடம்புக்குள் இருக்கிற வரை அந்தக் கிருமி ரொம்ப நோஞ்சான். ஆடு செத்து, தோல் கிழியாமல் அப்படியே கிடந்தால், உள்ளே அழுகல் தொடங்கும். அழுக வைக்கிற மற்ற பாக்டீரியாக்களோடு இது போட்டி போட முடியாமல், நம் ஊர் வெயிலில் சில நாளிலேயே உள்ளுக்குள் செத்துப்போகும். வெளிக்காற்று பட்டால்தான் கதை மாறுகிறது. ஆக்சிஜன் கிடைத்ததும், ஒன்றிரண்டு நாளுக்குள், ஒவ்வொரு பாக்டீரியாவும் தன்னைச் சுருக்கிக்கொண்டு கெட்டியான ஓடு போட்ட ஒரு வித்தாகிவிடும். ஸ்போர் என்பார்கள். வித்து என்றாலே நம் ஆட்களுக்குப் புரியும். கேழ்வரகை மண் குதிரில் போட்டு மூடிவைப்பது போலத்தான். வெயில், வறட்சி, பினாயில் எதற்கும் அசையாமல் கிடக்கும். கொஞ்ச நேரக் கொதியையும் அதில் ஒரு பகுதி தாங்கிவிடும். "வெந்தால் சரியாகிவிடும்" என்று அடித்துச் சொல்ல முடியாததற்குக் காரணம் அதுதான்.

ஆக, புதைத்த முதல் ஆடும் காது நரம்பில் மட்டும் ஊசி பட்ட மூன்றாவது ஆடும் அவ்வளவாகச் சிக்கல் இல்லை. மூக்கிலும் ஆசனவாயிலும் வழிந்த இரத்தம் மட்டும்தான் கவலை. நடுவில் அறுத்தீர்களே, அந்த ஓர் ஆடுதான் உங்கள் நிலத்தில் வித்து விதைத்திருக்கிறது. அறுத்த இடம், இரத்தம் ஓடிய இடம், குடலைக் கொட்டிய இடம், கை கழுவிய இடம், கத்தி, கட்டை, தோல். இத்தனையும் கணக்கில் வரும்.

எனக்கும் இது பட்டுத்தான் புரிந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், பென்னாகரம் பக்கம் ஒரு காட்டுப் பட்டியில் ஆலம்பாடி மாடு ஒன்று செத்துவிட்டது என்று கூப்பிட்டார்கள். நான் போகும்போது மணி ஒன்பது. மாடு செத்து மூன்று மணி நேரம்தான் ஆகியிருக்கும், அதற்குள் வயிறு மத்தளம் மாதிரி ஊதிக் கால்கள் நாலும் அந்தரத்தில் நின்றன. செத்த மாடு விறைத்திருக்க வேண்டும். முன்னங்காலை மடக்கினால் சாதாரணமாக மடங்கியது. மூக்கிலிருந்து வழிந்த இரத்தம் தார் போலக் கறுத்திருந்தது, இவ்வளவு நேரமாகியும் உறையவே இல்லை. பக்கத்தில் மாட்டுக்காரப் பெரியவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு நின்றார். "சார், வயித்தக் கீறிப் பாத்தா என்ன சீக்குன்னு தெரிஞ்சிடுமில்ல?" என்றார். கல்லூரியில் உடற்கூறு பரிசோதனை படித்த ஆசை எனக்கும் இருந்தது. கையுறையைக் கூட மாட்டிவிட்டேன். அந்த உறையாத இரத்தத்தைப் பார்த்துத்தான் கை நின்றது.

காது நரம்பில் ஊசி போட்டு ஒரு சொட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் இழுத்தேன். ஊசி போட்ட ஓட்டையில் மருந்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். மருந்தகத்துக்குத் திரும்பி, பாலிகுரோம் மெத்திலீன் நீலம் என்கிற சாயத்தை ஊற்றிக் கழுவி மைக்ராஸ்கோப்பில் வைத்தால், மூங்கில் கழியைத் துண்டு துண்டாக நறுக்கி வரிசையாக அடுக்கிவைத்த மாதிரி, முனை சதுரமான நீலக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியைச் சுற்றியும் ரோஸ் நிறத்தில் மெல்லிய பஞ்சுப் படலம். அந்த ரோஸ் படலம் தெரிந்தால் அடைப்பான்தான். உங்கள் மருத்துவர் காதை மட்டும் தொட்டுவிட்டுப் போனதைப் பார்த்து "ஆட்டை அறுத்துக்கூடப் பார்க்கவில்லை" என்று உங்கள் வீட்டில் யாரோ குறைப்பட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர் செய்ததுதான் சரி. சந்தேகம் இருந்தால் கீறக் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். விலங்குகளின் தொற்றுநோய்த் தடுப்புக்கென்று 2009-ல் வந்த சட்டத்தில் அடைப்பான் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களில் ஒன்று.

திடீரென்று செத்ததெல்லாம் அடைப்பானும் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கம் மரவள்ளி இலையைத் தின்றும், வாடிய இளஞ்சோளத்தைத் தின்றும் ஆடு மாடு அரை மணி நேரத்தில் சாகும். அது சயனைடு நஞ்சு. இரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருக்கும். தொடையில் வீங்கி, கையால் அழுத்தினால் நறநறவென்று சத்தம் கேட்டால் சப்பை நோய். தொண்டை வீங்கி மூச்சு முட்டினால் தொண்டை அடைப்பான். பெயரில்தான் ஒற்றுமை, கிருமி வேறு. செம்மறியில் கொழுத்த குட்டி துள்ளித் துள்ளி விழுந்து செத்தால் துள்ளுமாரியாக இருக்கலாம். அப்புறம் பாம்பு, இடி. அந்தந்த அடையாளம் தெரியும் என்று நீங்களே தீர்ப்பு எழுத வேண்டாம். எதுவானாலும் கீறாமல் 1962 என்கிற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் செய்வது ஒன்றுதான் உங்கள் வேலை.

இனி மண். நீங்கள் கேட்ட நாலு கேள்வியில் இதற்குத்தான் எனக்குப் பதில் சொல்லக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் உண்மையான பதில் "உங்கள் காலம் வரை இருக்கலாம்" என்பது.

ஸ்காட்லாந்துக் கரையோரம் குருனார்டு என்று ஒரு சின்னத் தீவு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1942-ல், பிரிட்டிஷ்காரர்கள் அடைப்பான் வித்தை குண்டில் வைத்து அங்கே வெடித்துப் பார்த்தார்கள். கட்டிவைத்த ஆடுகள் சில நாளில் செத்தன, சோதனை வெற்றி. அப்புறம் அந்தத் தீவில் மனிதன் கால் வைக்கக் கூடாது என்று பலகை போட்டார்கள். 1986-ல் 280 டன் ஃபார்மால்டிஹைடு என்கிற கிருமிக்கொல்லியைக் கடல் நீரில் கலந்து தீவு முழுக்கத் தெளித்தார்கள். 1990-ல்தான் பலகையை எடுத்தார்கள். 48 வருஷம்! ரஷ்யாவின் யமால் பகுதியில் 2016-ல் கோடை வழக்கத்துக்கு மாறாகச் சுட்டதில் உறைபனி மண் இளகியது. பல காலத்துக்கு முன் செத்த கலைமான்களோடு மண்ணில் உறைந்து கிடந்த வித்துகள் வெளியே வந்தன. 2,000-க்கும் மேற்பட்ட கலைமான்கள் செத்தன, 12 வயதுப் பையன் ஒருவனும் இறந்தான். இதில் எனக்கு உறுத்துவது வேறொன்று. பல வருஷமாக நோய் வரவில்லையே என்று அங்கே கலைமான்களுக்குத் தடுப்பூசி போடுவதை 2007-லேயே நிறுத்திவிட்டிருந்தார்கள்.

நம் மண்ணில் உறைபனி இல்லை, ஆனால் மழையும் வறட்சியும் மாறி மாறி வருகின்றன. சுண்ணாம்புச் சத்தும் மக்கும் கலந்த மண்ணில் வித்து நன்றாகத் தாங்கும். மழை பெய்தால் மேட்டிலிருந்து அடித்துக்கொண்டு வந்து பள்ளத்தில் சேரும். கோடையில் புல் கட்டையாகி, ஆடு வேரோடு மண்ணையும் சேர்த்துக் கரும்பும்போது வாய்க்குள் போகும். முள் குத்திய புண் வாயில் இருந்தால் இன்னும் வசதி. நோய் பெரும்பாலும் வறட்சிக்குப் பிறகு முதல் மழையை ஒட்டி வருவது இதனால்தான்.

புதைத்த மாட்டிலிருந்து மண்புழு வித்தை மேலே கொண்டுவருகிறது என்று லூயி பாஸ்டர் 1880 வாக்கில் சொன்னார். பிரான்சில் சில வயல்களில் ஆடு மேய்த்தாலே சாகும் என்று குடியானவர்கள் பயந்து, அவற்றைச் சாபம் பிடித்த வயல்கள் என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் பழைய அடைப்பான் குழிகள். நம் பக்கமும் "அந்தக் காட்டுல ஆடு ஆகாது" என்று சில இடங்களை முனி பேரில் ஒதுக்கிவைத்திருப்பதைக் கேட்டிருக்கிறேன். எல்லாமே அடைப்பான் குழி என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெரியவர்கள் அப்படிச் சொன்னால் நான் சிரிப்பதில்லை.

இன்னொரு விசித்திரம். விலங்கு செத்த இடத்தில் இரத்தமும் உரமும் சேர்ந்து அடுத்த பருவத்தில் புல் மற்ற இடத்தைவிடப் பச்சையாக, உயரமாக முளைக்கும். ஆப்பிரிக்காவில் நமீபியாவின் எட்டோஷா தேசியப் பூங்காவில் வரிக்குதிரைகள் அப்படிப்பட்ட இடத்தைத் தேடிப் போய் மேய்வதை ஆராய்ச்சியாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். உங்கள் ஆடு மட்டும் சும்மா இருக்குமா? அதனால் அந்த அறுத்த இடத்தில் மேல்மண்ணைச் சுரண்டி எரித்து, ஃபார்மலின் ஊற்றுவதைத் துறையினரைக் கொண்டு செய்யுங்கள், நீங்களாக மண்வெட்டி எடுக்காதீர்கள். புழுதியை மூச்சில் இழுத்தால் நுரையீரலில் வருகிற வகைதான் இருப்பதிலேயே கொடியது. பிறகு அந்த இடத்தையும் முதல் ஆட்டைப் புதைத்த இடத்தையும் சுற்றி முள் வெட்டிப் போட்டு அடைத்துவிடுங்கள். ஏர் ஓட்டக் கூடாது, பள்ளம் தோண்டக் கூடாது, ஆடு மாடு உள்ளே போகக் கூடாது. எத்தனை வருஷத்துக்கு என்று கேட்டால், வேலி நிற்கிற வரைக்கும் என்பேன். உங்கள் பிள்ளைகளிடமும் இடத்தைக் காட்டிவையுங்கள்.

முதல் ஆட்டின் குழி ஆறு அடிக்குக் குறைவாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாயோ நரியோ பறித்துவிட்டால் அதுவும் அறுத்த ஆடு மாதிரிதான். எரிப்பதுதான் மேலான வழி. ஆட்டுக்கு எரிக்கலாம், மாட்டுக்கு வண்டி வண்டியாக விறகு வேண்டும் என்பதால் புதைத்துவிடுகிறோம். குழியில் சுண்ணாம்பு போடுவது நம் பழக்கம். சுண்ணாம்பிலிருக்கிற கால்சியம் வித்துக்குப் பாதுகாப்பாகத்தான் ஆகும், வேண்டாம் என்கிறவர்களும் துறைக்குள் உண்டு. எனக்கும் அந்தக் கட்சிதான் சரியென்று படுகிறது. ஆனால் நேரில் வந்து பார்க்கிற மருத்துவர் சொல்வதையே கேளுங்கள்.

கிணறு. அறுத்த இடத்திலிருந்து மழைத் தண்ணீர் கிணற்றுக்கு ஓடுமா ஓடாதா என்பதுதான் கேள்வி. ஓடாது என்றால் வழக்கம் போலக் குடிக்கலாம். ஓடும் என்றால், அல்லது குடலைக் கிணற்றடியில் கழுவியிருந்தால், துறையினர் பார்த்துச் சொல்லும்வரை குடிக்க வேறு தண்ணீர் எடுங்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டோமே என்று நினைக்க வேண்டாம். காலராவுக்கும் டைஃபாய்டுக்கும் கேட்கிற அளவு குளோரின் இந்த வித்துக்குக் கேட்காது. குடித்த தண்ணீரால் மனிதருக்கு அடைப்பான் வருவது மிக மிக அரிது, அதனால் இதுவரை குடித்ததை நினைத்துத் தூக்கம் கெட வேண்டாம்.

எரு. அந்தப் பட்டியின் இந்த வருஷத்து எரு கொல்லைக்குப் போகக் கூடாது. ஒரே இடத்தில் இருக்கிற சிக்கலை ஏக்கர் கணக்கில் பரப்புகிற வேலை அது. அடுத்த ஊர்க்காரர் கிடை போடக் கூப்பிட்டாலும் இந்தத் தடவை ஆட்டை அனுப்பாதீர்கள்.

கத்தியை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் தளதளவென்று கொதிக்கிற நீரில் போட்டு எடுங்கள். வெட்டுக்கட்டையை எரித்துவிடுங்கள், மர இடுக்கில் போனதை எதைக் கொண்டும் எடுக்க முடியாது. பால் கறக்கிற ஆடு இருந்தால் தினம் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். காய்ச்சல் இருந்தால் அந்தப் பாலைக் கீழேயும் ஊற்றாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மீதி 11 ஆடு. பழைய மேய்ச்சலை விட்டு வேறு இடத்துக்கு ஓட்டுங்கள், முடிந்தால் கொட்டிலில் கட்டித் தழை வெட்டிப் போடுங்கள். தடுப்பூசி இராணிப்பேட்டையில் இருக்கிற அரசு நிறுவனத்தில் தயாராகிறது. 1932-லிருந்து இருக்கிற நிறுவனம். இந்த ஊசியின் கதை எனக்குப் பிடித்தது. 1930-களில் தென்னாப்பிரிக்காவில் மேக்ஸ் ஸ்டெர்ன் என்ற கால்நடை மருத்துவர், மேல் படலத்தை இழந்துபோன ஓர் அடைப்பான் வகையைக் கண்டுபிடித்தார். நான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன் என்றேனே, அந்த ரோஸ் படலம்தான். அது இல்லாத கிருமி பொதுவாக நோயைத் தருவதில்லை, ஆனால் உடம்புக்கு எதிரியின் முகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இன்றைக்கும் உலகம் முழுக்க ஆடு மாட்டுக்குப் பெரும்பாலும் அந்த வகை ஊசிதான். அதாவது ஊசிக்குள் இருப்பது உயிருள்ள கிருமி. இதில் நம் ஆட்கள் செய்கிற தப்பு ஒன்று உண்டு. ஊசி போட்ட அன்றைக்கே "எதற்கும் இருக்கட்டும்" என்று பெனிசிலினும் போடச் சொல்வார்கள். பெனிசிலின் அந்த நல்ல கிருமியையும் கொன்றுவிடும், ஊசி வீண். இப்போது காய்ச்சல் இருக்கிற ஆட்டுக்கு மருந்து, நன்றாக இருப்பதற்கு ஊசி, எது முதலில் என்பதை மருத்துவர் பிரித்துச் சொல்வார். ஊசி பலிக்க ஒன்றரை, இரண்டு வாரம் ஆகும், ஒரு வருஷம் தாங்கும். நோய் வந்துபோன ஊரில் வருஷா வருஷம், மழைக்கு முன்னால் போட வேண்டும். மூன்று வருஷம் ஒன்றும் வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். யமாலில் நடந்ததை மேலே சொன்னேன்.

காட்டோரம் மேய்க்கிறீர்கள் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். யானை, காட்டெருமை, மான், பன்றி எல்லாவற்றுக்கும் இது வரும். 2022-ல் கேரளாவின் அதிரப்பள்ளிக் காட்டில் காட்டுப்பன்றிகள் இதில் செத்தன. உங்கள் மேய்ச்சலுக்கு அப்பால் இருப்பது காவிரி வடக்கு வன உயிரின சரணாலயம். உங்கள் ஆட்டின் குடலைக் காட்டுப் பள்ளத்தில் வீசினால் நாளைக்கு அது யானைக்கு, மறுவருஷம் அங்கிருந்து உங்கள் ஊர் மாட்டுக்கே திரும்பும். பள்ளத்தில் எதுவும் வீசியிருந்தால் வனத்துறையிடம் சொல்லிவிடுங்கள். திட்டுவார்கள்தான், பரவாயில்லை.

"அந்தக் காலத்தில் பாறு வந்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிடும், இப்போது அது இல்லாததால்தான் நோய்" என்று உங்கள் தாத்தா சொன்னதாகவும் எழுதியிருந்தீர்கள். பாதி சரி. பிணந்தின்னிக் கழுகுகள் இருந்தவரை செத்த மாடு ஊரோரம் நாள்கணக்கில் அழுகிக் கிடக்காது, நாய்க் கூட்டமும் பெருகாது. வலி குறைக்க மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக், செத்த மாட்டின் கறி வழியாகக் கழுகுக்குப் போய் அதன் சிறுநீரகத்தைக் கெடுத்தது. இந்தியாவில் சில வகைக் கழுகுகளில் நூற்றுக்கு 95-க்கு மேல் அழிந்துவிட்டன. 2006-ல் மாட்டுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். அதற்கு முன் நானே எத்தனை மாட்டுக்குப் போட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. ஆனால் அடைப்பானில் செத்த உடலைப் பொறுத்தவரை, கழுகு கிழித்தாலும் நாய் கிழித்தாலும் உள்ளே இருப்பது காற்றில் படத்தான் செய்யும். அந்த ஓர் உடலுக்கு மட்டும் கழுகும் வேண்டாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அறுத்த ஆட்டின் தோலைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போகிற வியாபாரி வாங்கிப்போனார் என்று ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வித்து தோலிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகும். முன்பு இங்கிலாந்தில் கம்பளி பிரிக்கிற தொழிலாளிகளுக்கு நுரையீரலில் இதே நோய் வந்து, கம்பளிக்காரர் நோய் என்றே பெயர் வைத்திருந்தார்கள். அந்தத் தோல் இந்நேரம் உப்புப் போட்டு எங்காவது கிடங்கில் மற்ற தோல்களோடு அடுக்கியிருக்கும், இல்லையென்றால் வாணியம்பாடிப் பக்கம் போய்க்கொண்டிருக்கும். வியாபாரியின் போன் நம்பர் உங்களிடம் இருந்தால் இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் அவரைக் கூப்பிடுங்கள். அவர் கையையும் பார்க்கச் சொல்லுங்கள்.